நந்தன் வேடம் கட்டியவர்கள்

நெல்லிக்குப்பத்திலிருந்து சிதம்பரம் போவது எங்களுக்கு ஒரு காரியமே அல்ல. திருப்பாதிரிப்புலியூர், கடலூர் முதுநகர், ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாய்க் கழியும். பேச்சு சூடு பிடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து அதே ஊருக்குப் போக ஆசைப்பட்ட ஒருவனுக்கு ஆயுசு பூராவும் பற்றவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தானே தவிர உள்ளே கால் வைக்கவில்லை. நெருப்பில் இறங்கி, உடம்பை மாற்றிக்கொண்டு, பூணூலோடு எழுந்த பிறகுதான் வழி விட்டார்கள்.

அந்த நந்தனாகத் தமிழ்ப் பேசும்படத்தில் நடித்த இரண்டு பேர் என் மனத்தை விட்டு அகலுவதில்லை. கேமராவுக்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைவிட, அரிதாரத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது அவர்களுக்கு என்ன நடந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை.

சேக்கிழாரின் நந்தனுக்கு எஜமான் கிடையாது. கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்து வாழ்ந்த தொண்டன் அவன். வயலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்று மறிக்கும் வேதியர், 19ஆம் நூற்றாண்டில் ஆனந்தத்தாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் கற்பனை. மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டாரே என்று மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். தயங்கியவர் புலவர், ஊர் தயங்கவில்லை. கதாகாலட்சேபம், நாடகம், மௌனப்படம் என்று நந்தன் கதை எங்கே போனாலும் பாரதியாரின் வேதியரும் கூடவே போனார். நடிப்பதற்குக் கதையில் இரண்டு ஆள் வேண்டும் அல்லவா. சிவன் நேரில் வந்து வசனம் பேசுவதில்லை. வேதியர்தான் பேசுகிறார், திட்டுகிறார், கடைசியில் விழுந்து கும்பிடுகிறார்.

1935இல் அசன்தாஸ் கிளாசிக்கல் டாக்கீஸ்காரர்கள் 'பக்த நந்தனார்' எடுக்க முனைந்தபோது நந்தன் வேடத்துக்கு அவர்கள் தேடிப் போனது கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளை. அவருடைய கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்துபோயிருந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வெள்ளைக் கதர் உடுத்திக்கொண்டார், பொட்டை அழித்தார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். படக்காரர்கள் விடுவதாக இல்லை. கேட்டால் ஓடிப்போய்விடுவார்கள் என்று நினைத்து ஒரு லட்ச ரூபாய் கேட்டாராம். அவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பவுன் முப்பது ரூபாய்க்குக் கீழே விற்ற காலம் அது. சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கிய பெண் அவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால்தான் அந்த லட்சத்தின் கனம் தெரியும்.

பெண் ஆண் வேடம் போடுவது அந்த நாளில் யாருக்கும் புதுமை இல்லை. ராஜபார்ட் போட்ட பெண்கள் மேடையில் உண்டு, ஸ்திரீபார்ட் போட்ட பையன்கள் கம்பெனிக்குக் கம்பெனி உண்டு. சில வருஷம் கழித்து 'கல்கி' பத்திரிகைக்கு முதல் சேர்க்க எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி'யில் நாரதர் வேடம் போட்டார். ஆனால் சுந்தராம்பாள் நந்தனாக நின்றதில் வேறொரு பொருத்தம் இருந்தது. அந்தக் கதையில் நாயகி இல்லை. ஜோடி இல்லாத ஒரே பெரிய வேடம் அவரைத் தேடி வந்தது. இன்னொன்றும் உண்டு. கணவனை இழந்தவள் நம் வீடுகளில் எங்கே நிற்பாள்? தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால், ஆரத்தி எடுக்கும்போது கூடத்துக்கு அப்பால். சேரிக்காரனைத் தெருவிலேயே நிறுத்திய அதே ஊர் அவளை வீட்டுக்குள்ளேயே விலக்கி நிறுத்தியது. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சேரிக்கு நேர்ந்தது பல மடங்கு. ஆனாலும் எட்ட நின்று பார்ப்பது என்றால் என்ன என்பதை அந்தப் பெண்ணுக்கு யாரும் ஒத்திகையில் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

படம் எடுத்தது கல்கத்தாவில். சென்னையில் ஒலிப்பட ஸ்டுடியோ என்று ஒன்று எழுந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. டைரக்டர் மாணிக்லால் டாண்டன் பஞ்சாபிக்காரர், லாஸ் ஏஞ்சலிஸில் சினிமா படித்தவர். கூடப் படித்த எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரை அப்போதுதான் இந்தியாவுக்கு அழைத்து வந்திருந்தார். நந்தனாரின் சில காட்சிகளை டங்கன்தான் எடுத்துக்கொடுத்தார் என்பார்கள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்த மனிதர்தான் மறு வருஷம் 'சதிலீலாவதி' எடுத்து எம். ஜி. ஆரைத் திரைக்குக் கொண்டுவந்தார், பிறகு 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரிகுமாரி' என்று 1950 வரை நம்மோடு இருந்தார். ஹாலிவுட்டை நாம் தூரத்திலிருந்து பார்த்தோம் என்று சொல்வது முழு உண்மை அல்ல. அதில் ஒரு துண்டு ரயிலேறி வந்து, ஆதனூர்ச் சேரியின் செட்டுக்குள் நின்றிருக்கிறது.

பின்னணி பாடும் முறை நம் பக்கம் வர இன்னும் இரண்டு மூன்று வருஷம் பாக்கி, 1938இல் ஏ. வி. மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் அதைச் செய்து பார்க்கும்வரை, பாட்டை நடித்துக்கொண்டே பாட வேண்டியதுதான். மைக்கை எங்காவது மறைத்து வைப்பார்கள். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்காருவார்கள். நடிகர் தலையைத் திருப்பினால் குரல் மங்கும், நகர்ந்தால் ஒலி போய்விடும். அமெரிக்காவில் பேசும்படம் வந்த 1927ஐ ஒட்டிய வருஷங்களில் கேமரா ஓடும் இரைச்சல் பதிவாகிவிடக் கூடாதென்று அதை ஒரு பெட்டியறைக்குள் அடைத்தார்கள்; உள்ளே நின்ற கேமராமேன் வேர்த்து விறுவிறுத்துப் போவார். அங்கே வாய் திறந்ததும் குரல் சரியில்லை என்று நட்சத்திரங்கள் உதிர்ந்தார்கள். இங்கே குரல் இருந்தவர்கள் மட்டுமே நட்சத்திரம் ஆனார்கள். உடம்பு என்ன செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒருவர் கேட்டார். எழுத்தாளர் கல்கி 'ஆனந்த விகட'னில் எழுதிய விமர்சனத்தில், இந்தப் படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் என்று கிண்டல் செய்தார். வேதியராக நடித்தவர் சாதாரண ஆள் அல்ல, சங்கீத உலகின் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இரண்டு பெரிய பாடகர்கள் பாட்டுக்குப் பாட்டு நின்றுகொண்டிருந்த படத்தில் பனைமரம் ஜெயித்துவிட்டது. நகைச்சுவைக்காக எழுதியதுதான், ஆனால் அந்தக் கால நடிப்பைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எவரும் எழுதியதாகத் தோன்றவில்லை. பனைமரமும் எருமையும் சேரிக்குச் சொந்தமானவை. மற்றவர்கள் சேரியைப் பாட வந்தவர்கள்.

ஏழு வருஷம் கழித்து எஸ். எஸ். வாசன் ஜெமினியில் மறுபடி நந்தனாரை எடுத்தார். முருகதாசா டைரக்டர், வேதியர் செருகளத்தூர் சாமா, நந்தன் எம். எம். தண்டபாணி தேசிகர். திருச்செங்காட்டாங்குடியில் தேவாரம் ஓதும் குடும்பத்தில் பிறந்தவர் தேசிகர். பட்டினத்தார், தாயுமானவர், மாணிக்கவாசகர் என்று அடியார் வேடங்களிலேயே பேர் வாங்கியவர். மாணிக்கவாசகர் கதையும் தில்லையில்தான் முடிகிறது. ஆக, திரையில் இரண்டு தடவை சிதம்பரம் போனார். மூன்றாவது தடவை நிஜமாகவே போனார்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராகப் பல வருஷம். எங்கள் பக்கத்து மூத்த தலைமுறைக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் நினைவு. பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' பாட்டுக்கு தேஷ் ராகத்தில் மெட்டுப் போட்டவர் அவர்தான் என்பது அதைக் கல்யாண வீட்டில் பாடுகிற பாதிப் பேருக்குத் தெரியாது.

1942ஆம் வருஷப் படம் இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. தேசிகரின் நந்தன் கண்ணியமான ஆள். அந்தக் கண்ணியம்தான் எனக்கு இடிக்கிறது. வெயிலில் குனிந்து நிமிர்ந்த முதுகு அல்ல அது, ஓதுவாமூர்த்தியின் முதுகு. பாட ஆரம்பித்ததும் பண்ணைக் கூலியாள் மறைந்துபோகிறான், கோயில் மண்டபம் தெரிகிறது. கோயிலுக்குள் போக ஏங்கும் ஒருவனைக் கோயிலிலேயே வளர்ந்த குரல் பாடுகிறது. பாட்டாகக் கேட்டால் உருகாமல் இருக்க முடியாது. சாமா நல்ல நடிகர். மேலே சொன்ன கல்கியின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தப் படத்தில் வேதியர்தான் ஜெயிக்கிறார். காரணம் எளிது: வேதியரை நடிப்பவருக்கு வேதியரைத் தெரியும்.

இதே ஜெமினியில் பின்னாளில் வேலை பார்த்த அசோகமித்திரன், ஒப்பனைப் பிரிவைப் பற்றி அற்புதமாக எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் ராபர்ட் கிளைவின் குதிரை லாயமாக இருந்தது என்று சொல்லப்பட்ட கட்டடத்தின் மாடியில், நெருப்பாய்க் கொதிக்கும் விளக்குகளுக்கு நடுவே, லாரி லாரியாக வந்த பான்கேக்கை முகத்தில் அப்பினார்கள் என்று. ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபாக்டர் 1930களில் கொண்டுவந்த பூச்சு அது. யாரை வேண்டுமானாலும் யாராகவும் ஆக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அந்த டப்பாவுக்குள் இருந்தது.

இந்தப் படங்கள் ஓடிய காலத்து நெல்லிக்குப்பத்தை யோசித்துப் பார்க்கிறேன். 1842 முதல் பாரி கம்பெனியின் கரும்பாலை இருந்த ஊர். பிறகு மிட்டாய்த் தொழிற்சாலையும் வந்தது. கரும்பு வெட்டிக் கட்டியவர்கள், மாட்டுவண்டி ஓட்டியவர்கள், ஆலைச் சங்கு கேட்டு ஷிப்டுக்குப் போனவர்கள் என்று கையில் கூலிக் காசு புழங்கிய ஊர். இப்படிப்பட்ட ஊர்களை நம்பித்தான் டூரிங் டாக்கீஸ்காரன் கூடாரம் அடித்தான். எல்லாச் சாதிக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றார் கா. சிவத்தம்பி. காசுக்கேற்ற இடம், ஆனால் சாதிக்கேற்ற வாசல் இல்லை. மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து தரை டிக்கெட்டில் பார்த்த சேரிக்காரர், திரையில் நந்தன் நெருப்பில் இறங்கித் தில்லைக்குள் போவதைக் கண்ணீரோடு பார்த்திருப்பார். மறுநாள் காலை ரயிலேறி அவர் சிதம்பரம் போனால் என்ன ஆகியிருக்கும்? சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். 1935இலும் 1942இலும் நந்தன் வேடம் போட்டவர் போகக்கூடிய கோயிலுக்கு, நந்தனின் பேரன் போக முடியாது. இந்தச் சின்ன விஷயத்தைப் படத்தின் விளம்பரத் தாள் எதுவும் சொல்லியிருக்காது.

வேடம் போட்டவர் மட்டும் தப்பித்தாரா என்றால், அதுவும் இல்லை. 1946இல் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. தேசிகர் போய், தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடினார். சந்நிதி தீட்டாகிவிட்டது என்று பேச்சுக் கிளம்பியது. 'குடிஅரசு' இதழில் மு. கருணாநிதி 'தீட்டாயிடுத்து' என்றே தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதினார். ஐந்து வருஷம் முன்னால் 1941இல் இதே அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியதிலிருந்து புகைந்துகொண்டிருந்த சண்டை அது. அதன் நியாய அநியாயங்களுக்குள் நான் போகவில்லை. திரையில் எல்லைக்கு வெளியே நின்று பாடிய மனிதர், வேடம் கலைத்து நாலு வருஷம் ஆன பிறகு, ஒரு சந்நிதியில் தீட்டுக்காரர் ஆனார். சாதியால் அல்ல, மொழியால். பான்கேக்கைக் கழுவலாம், நந்தன் லேசில் விடுவதில்லை போலிருக்கிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஹாட்டி மெக்டானியல் ஞாபகம் வரும். 'கான் வித் த விண்ட்' படத்தில் வீட்டு வேலைக்காரியாக நடித்த கறுப்பினப் பெண். 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் முதல் காட்சி நடந்தபோது, அந்த மாநிலத்தின் நிறவெறிச் சட்டத்தால் அவர் வரவே முடியவில்லை. 1940 பிப்ரவரி 29ஆம் தேதி ஆஸ்கர் விருது வழங்கினார்கள். கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கர் அவருக்குத்தான். விழா நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பர்களுக்கு இடம் கிடையாது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் சொல்லிவைத்த பிறகு உள்ளே விட்டார்கள். படக்குழுவோடு அல்ல, சுவரோரமாகத் தனி மேஜையில். 1952இல் அவர் செத்தபோது, ஹாலிவுட் கல்லறையில் புதைக்கப்பட வேண்டும் என்ற அவருடைய ஆசையும் நிறத்தைச் சொல்லி மறுக்கப்பட்டது. பெரியபுராணத்து நந்தனுக்கு நெருப்புக்குப் பிறகாவது கதவு திறந்தது.

அன்னா மே வாங் கதை வேறு தினுசு. லாஸ் ஏஞ்சலிஸில் சலவைக்கடைக்காரரின் மகளாய்ப் பிறந்த சீன அமெரிக்கப் பெண். மௌனப்படக் காலத்திலேயே கதாநாயகி. சீன விவசாயி ஒருவனின் கதையான 'த குட் எர்த்' படமாகப் போகிறது என்றதும் அந்த மனைவி வேடம் அவருக்குத்தான் என்று பலரும் நினைத்தார்கள். கணவன் வேடத்துக்கு வெள்ளைக்கார பால் முனி வந்துவிட்டார். வேறு வேறு இனத்தாரைத் திரையில் ஜோடி சேர்ப்பதற்கு அன்றைய தணிக்கை விதிகள் தடை. ஆகவே சீனத்தி வேடத்தைச் சீனத்திக்குக் கொடுக்க முடியாது. வெள்ளைக்கார லூயிஸ் ரெய்னர் அந்த வேடத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கினார். வாங்குக்கு வைப்பாட்டி வேடம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றார். அமெரிக்காக்காரன் விதியாக எழுதிவைத்துச் செய்ததை நாம் எழுதாமலே செய்தோம். நந்தன் வேடத்துக்குச் சேரியில் ஆள் தேடக்கூடாது என்று எந்த ஸ்டுடியோவும் விதி போடவில்லை. தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆள் இருந்தார்களா என்று கேட்கலாம். சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் இருந்தார். 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கி, பள்ளியும் விடுதியும் நடத்தி, ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1927இல் காந்தி சிதம்பரம் வந்தபோது நந்தனைப் பற்றித்தான் பேசினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்குக்கூடக் குரல் இல்லாமலா போயிருக்கும்?

சினிமாக்காரர்கள் காணாமல் விட்டதை எங்கள் ரயில் பாதையில் பிறந்த ஒருவர் கண்டார். புதுமைப்பித்தன் திருநெல்வேலிக்காரர் என்றுதான் உலகம் சொல்லும். அவர் பிறந்தது 1906இல் திருப்பாதிரிப்புலியூரில். சுந்தராம்பாள் படம் வருவதற்கு முந்தின வருஷமே அவர் 'புதிய நந்தன்' எழுதிவிட்டார். அதே ஆதனூர், ஆனால் நடுவே தண்டவாளம். காந்தி வரும் ரயிலைப் பார்க்க ஊர் கூடுகிறது. பண்ணையார் வீட்டுக் காங்கிரஸ் பிள்ளை, சேரியிலிருந்து போய்ச் சுயமரியாதைக்காரனாகத் திரும்பிய பையன், அவனுடைய குருட்டு அப்பன் மூவரும் அந்த ரயிலிலேயே அடிபட்டுச் சாகிறார்கள். பூணூல் இல்லை, சோதியில் கலப்பதும் இல்லை. அந்த வருஷங்களில் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய நந்தன் படம் இதுதான். எழுதியவரையும் சினிமா கடைசியில் இழுத்துக்கொண்டது. சிறையிலிருந்து மீண்ட தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுத பூனா போனார், காசநோய் முற்றித் திரும்பினார், 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் செத்துப்போனார். சினிமாவால் அவருக்கு லாபம் என்று சொல்ல எதுவும் இல்லை.

சுந்தராம்பாள் நந்தனை விட்டு ஔவையாரிடம் போனார். 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' வந்த பிறகு தமிழ்நாட்டுக்கு ஔவை என்றால் அவர் முகம்தான். வெள்ளைப் புடவையோடு இருந்த பெண்ணுக்குக் கிழவி வேடம் கொடுத்ததும் எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது என்று எனக்கு ஒரு குரூரமான சந்தேகம் உண்டு. சட்ட மேலவைக்கும் நியமிக்கப்பட்டார். ஒரு வாசல் அவருக்காவது நேராகத் திறந்தது.

நந்தன் கதையை யாராவது மறுபடி எடுக்கத்தான் போகிறார்கள். நம் சினிமா எதையும் ஒரு தடவையோடு விடுவதில்லை. எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டுக்கு வேண்டுமானால் சென்னையில் ஆள் பாருங்கள். வேடத்துக்கு, கடலூரிலோ நெல்லிக்குப்பத்திலோ இறங்கி, கரும்பு வெட்டுகிற இடத்துக்கு வாருங்கள். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் வரைக்கும் வழி நெடுக ஆள் இருக்கிறார்கள்.